நாற்காலிக்கு வந்தவர்கள்

ஸ்ரீரங்கம்
10.3.2025

என் கருப்பட்டிக்கு,

ஊருக்கு நீ பாஸ்டர், எனக்கு நீ கருப்பட்டிதான். அக்கா நல்லா இருக்கேன். உனக்குப் போன் பண்ணினா எப்பவும் வேற யாரோ பேசிக்கிட்டிருக்காங்க. அதான் எழுத உக்காந்தேன். தப்பு இருந்தா சிரிக்காதே, நான் அஞ்சாவதோட நின்னவ.

மலைக்கோட்டைப் பக்கம் துணி எடுக்க வந்தப்ப உன் சபைச் செயலாளர் ஞானமுத்து ஐயாவைப் பார்த்தேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து தவக்காலத்துலயும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் சபை ஹால்ல சினிமா போடுறியாமே. "தம்பிக்கு எடுத்துச் சொல்லுங்கம்மா, இல்லேன்னா கமிட்டி ஹாலைப் பூட்டிடும்"னு நடுரோட்டுல வெச்சு சொன்னார். எனக்கு முகத்தை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல. லெந்து வந்தா நம்ம வீட்டுல ரேடியோகூட போட மாட்டோமேடா. ஈஸ்டர் வரைக்கும் பொறுத்தா என்ன?

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
ஜோதி


திருச்சி
14.3.2025

அன்புள்ள அக்கா,

சண்டைக் கடிதம் கிடைத்தது. திட்டும்போது மட்டும் உன் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

ஞானமுத்து ஐயா நல்லவர். ஞாயிறு அன்று கிரிக்கெட்டில் நாம் கோப்பை ஜெயித்தோமே, லெந்து என்பதால் அவர் டி.வி. போடவில்லை. ஸ்கோரை மட்டும் எனக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். நீ போன் பண்ணினால் கிடைக்காததற்குக் காரணம் அவர்தான்.

சினிமா விஷயத்துக்கு வருகிறேன். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்து வருஷங்கள் ஆகின்றன. நானும் இங்கே ஜவுளிக்கடைகளில் ஏறி இறங்கிக் கேட்டேன். "போட்டிருக்கோமே பாஸ்டர்" என்று நாற்காலியைக் காட்டுகிறார்கள். அதன்மேல் துணி மூட்டை உட்கார்ந்திருக்கிறது.

ஞாயிறு அரைநாள் வேலை முடிந்ததும், நாளெல்லாம் நிற்கிற அந்தக் கடைப் பெண்களை ஹாலுக்குக் கூப்பிட்டேன். சும்மா வந்து உட்காருங்கள் என்றால் கூச்சப்படுகிறார்கள். சினிமா என்றால் வருகிறார்கள். மஹ்ஜபீன் என்று ஒரு பெண். இப்போது நோன்பு, படம் பார்க்காது. திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எதிர் நாற்காலியில் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளும். அவர்கள் படத்துக்கு வரவில்லை அக்கா, நாற்காலிக்கு வருகிறார்கள்.

நான் எப்பேர்ப்பட்ட சினிமா பைத்தியம், உனக்குத் தெரியாததா? லெந்துக்கு அதைத்தான் விட்டிருக்கிறேன். படம் முடியும்வரை வாசலில் நின்று செருப்புக்குக் காவல். பாட்டு மட்டும் காதில் விழுகிறது. அதை ஆண்டவர் மன்னிப்பார்.

உன் தம்பி
இன்னாசிராஜ்


ஸ்ரீரங்கம்
5.4.2025

கருப்பட்டி,

எங்க போய்ச் சேரும்னு தெரியாமத்தான் இதை எழுதறேன். நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னியாம். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குத் திரும்புறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அக்கா இருக்க, தம்பி முந்திக்கலாமாடா?

அடக்கத்தன்னிக்கு நம்ம சபைக்காரங்களைவிட கடைப் பொண்ணுங்கதான் அதிகம். கடை யூனிஃபார்ம் சேலையோடவே வந்துட்டாங்க. பந்தல்ல நாற்காலி காலியாக் கிடந்தது. உக்காருங்கம்மான்னு கெஞ்சிப் பார்த்தேன். மஹ்ஜபீன் என் கையைப் புடிச்சிக்கிட்டு, "இன்னிக்கு நிக்கிறோம்க்கா"ன்னுச்சு. பெட்டியை எடுக்கிற வரைக்கும் ஒருத்தியும் உக்காரல. உன்னை மாதிரி ஒருத்தனை நம்ம அம்மா பெத்தாளேன்னு அழுதுக்கிட்டே நெனச்சேன்.

நேத்து கமிட்டி கூடுச்சு. உன் சாமானை எடுத்துக்கச் சொல்லி என்னையும் வரச் சொல்லியிருந்தாங்க. ஹாலைப் பூட்டுறதுன்னு பேச்சு முடியிற நேரம். பெரியவங்க பேசுற இடத்துல நான் வாயைத் திறந்ததில்லை. எப்படி எழுந்தேன்னு தெரியல. "படம் வேண்டாம்னா படத்தை நிறுத்துங்கய்யா. நாற்காலியை எடுத்துடாதீங்க"ன்னேன். அப்புறம் உன் கடுதாசியைச் சொன்னேன், மூட்டை உக்காந்திருக்கிற கதையை. ஸ்கோர் கேட்ட கதையை மட்டும் விட்டுட்டேன்.

ஞானமுத்து ஐயா மேசையில கிடந்த ஹால் சாவியை எடுத்தார். பிறகு, ஈஸ்டர் வரைக்கும் படம் இல்லை, ஹால் திறந்திருக்கும்னார். சாவியை என் கையிலயே குடுத்துட்டார். நாளைக்கு மத்தியானம் நான்தான் திறக்கணும். டீயும் போட்டு எடுத்துக்கிட்டுப் போறேன்.

உன் அக்கா
ஜோதி

ஊர் முழுக்க உன்னைப் பத்திச் சொல்லுது. கடை கடையா ஏறினே, வாசல்ல காவல் நின்னே, யார் வீட்டுல என்னன்னாலும் ஓடினே. எல்லாரையும் உக்காரச் சொன்னவனே, நீ எப்படா உக்காந்தே?