தொட்டிக்கு வயல் மண்

மே 11, ஞாயிறு
வெயில் கொளுத்துகிறது. இரண்டடி கண்ணாடித் தொட்டி கழுவித் துடைத்தாயிற்று. முதலில் செடி, மீன் பிறகு. அடியில் என்ன போடுவது?

கடைக்காரர்: "வெளிநாட்டு மண்ணு இருக்கு மேடம், பிரிச்சுக் கொட்டினா போதும். வயல் மண்ணு போட்டீங்கன்னா சேறாயிடும்."

வெறும் கூழாங்கல்லில் செடிக்குச் சத்து இல்லை. லேபில் கூட வேலை பார்க்கும் ரேவதி, பூம்புகாரிலிருந்து ஒரு பை கடல் மணல் கொண்டுவந்தாள். வினிகர் விட்டேன், நுரைத்தது. கிளிஞ்சல் தூள். தண்ணீரைக் கெடுக்கும். வேண்டாம்.

வயல் மண்தான். யார் என்ன சொன்னாலும்.

மே 14, புதன்
அண்ணனுக்கு ஃபோன். அப்பா போனதிலிருந்து வயலை அவன்தான் பார்க்கிறான்.

"ஒரு வாளி மண்ணு எடுத்துக்கறேண்ணே."

"பத்து வாளி எடுத்துக்க. அப்படியே ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து, பங்கு வேணாம்னு கையெழுத்துப் போட்டுடு. தனியா இருக்கற உனக்கு எதுக்கு வயலு?"

ஃபோனை வைத்தேன். பயமில்லை, கோபம். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு இறங்கி, பிறகு விலைக்கு வாங்கின வயல். லீவு நாளெல்லாம் நான் களை பறித்தது. அண்ணன் அப்போது சிங்கப்பூரில்.

மே 18, ஞாயிறு
ஊருக்குப் போனேன். மேட்டூர் இன்னும் திறக்கவில்லை, வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. உரம் விழாத ஓரமாகப் பார்த்து வெட்டினேன். அண்ணி வரப்பில் வந்து நின்றாள்.

"அவர கேட்டுட்டுத்தான எடுக்கறீங்க?"

"என் வயல்ல நான் யாரைக் கேக்கணும் அண்ணி?"

வாய்விட்டு அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. திரும்பும்போது பஸ்ஸில் நல்ல தூக்கம்.

மே 22, வியாழன்
மண்ணை ஊறவைத்து, மிதந்த வைக்கோலை வடித்து, காயவைத்து, சலித்தாயிற்று. கீழே இரண்டு விரற்கடை மண், மேலே ஆற்று மணல். வேலம்பாசிச் செடி நட்டேன். தட்டு வைத்து அதன்மேல் மெதுவாகத்தான் தண்ணீர் ஊற்றினேன். அப்படியும் கலங்கல், டீ மாதிரி. கடைக்காரர் சொன்னது சரியோ? இருக்கட்டும். கொட்டப் போவதில்லை. பாதித் தண்ணீரை மாற்றினேன்.

மே 26, திங்கள்
தெளிந்துவிட்டது. கண்ணாடியோரம் வெள்ளை வேர், மணலைத் தாண்டி மண்ணுக்குள் இறங்குகிறது.

சாயங்காலம் அண்ணன் வந்தான். கையில் பத்திரம்.

"அண்ணன்கிட்டயே பங்கு கேட்டாள்னு ஊர்ல பேசுவாங்க."

"பேசட்டும்ணே. சர்வேயருக்கு மனு கொடுத்துட்டேன். அளக்க வரும்போது நீயும் இரு."

காபியைத் தொடாமல் எழுந்தான். வாசல் வரை போனேன்.

"குறுவைக்கு என் பங்க நானே பாத்துக்கறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்: "நாத்து விடத் தெரியுமா உனக்கு?"

தெரியும் என்றேன்.