ஜூன் முப்பதுக்குள்

அன்புள்ள லோர்னா,

இந்தப் பல்கலைக்கழகம் நானூறு நல்ல ஓக் மர நாற்காலிகளை வேண்டாமென்று கழித்துவிட்டது. நீயும் நம் பெண் டெசாவும் சுகமா? என் முதுகு பரவாயில்லை.

"ஒண்ணுகூட ஆடலையேம்மா?" என்றேன் கிடங்கு அதிகாரியிடம்.

"ஜூன் முப்பதோட கணக்கு வருஷம் முடியுது. அதுக்குள்ள ஒதுக்கின பணத்தைச் செலவழிக்கலன்னா அடுத்த வருஷப் பணத்தை வெட்டிடுவாங்க சார். அதான் புதுசு வாங்கிட்டோம்."

இங்கே டெசாவின் படிப்புக் கட்டணத்தை ஏற்றியது இதற்குத்தான். நேற்று இங்கே நடந்த கூட்டத்தில் நம் கட்சி வேட்பாளரே அந்தப் புது நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வீண்செலவை ஒழிப்பேன் என்றார். "முதல்ல அதுலேர்ந்து எந்திரிய்யா!" என்று கத்திவிட்டேன். பயப்படாதே, வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள், அவ்வளவுதான்.

பழையவற்றை வாங்கிவிட்டேன், விற்று டெசாவின் கட்டணத்தைக் கட்டிவிடலாம். கொட்டகையைக் காலி செய்து வை. என் முதுகுக்குத் தைலம் அனுப்பு, பொட்டலத்தில் நாலு வரியும் எழுதி வை. லாரிக்காரன் கூப்பிடுகிறான். பேரம் இதுதான்: நாற்காலிக்கு நான் தருவது ஒரு டாலர், ஏற்றுக்கூலி பல்கலைக்கழகத்தின் பொறுப்பு.

உன் வென்டல்