கசகசா ஏன் சொறிகிறாள்?

மார்ச் 12, செவ்வாய்

என் பூனை கசகசா இன்றும் காலையிலிருந்து கழுத்தைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறாள். காதுக்கு முன்னால் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு முடி கொட்டிவிட்டது. கீழே நம் மளிகைக்கடையில் எலி ஓடினால்கூட மாடியில் கால் நீட்டிப் படுத்திருக்கிற மகாராணி. படி இறங்கியதே கிடையாது. இவளுக்கு எங்கிருந்து சொறி வரும்?

என் கூடப்பிறந்த வேதமாணிக்கம் அண்ணன் மூக்கைச் சுளித்தார். "ஏட்டி ரெஜினா, இதை எங்கயாவது கொண்டு விட்டுட்டு வா. அரிசி பருப்பு விக்கிற வீடு. பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

விடவா? இவளையா?

சாயங்காலம் திருமலை வந்தார். விசைப்படகு ஓட்டுகிறவர். கடலுக்குப் போகும்போது படகுக்கு அரிசியும் எண்ணெயும் நம் கடையில்தான் வாங்குவார். கரைக்கு வரும்போதெல்லாம் 'பூனைக்கு' என்று ஒரு பை. இன்று கானாங்கெளுத்தி மீன். அந்தப் பையில் இருப்பதை நான்கு பூனைகள் தின்னலாம்.

"இன்னாங்க, இன்னா சொல்லுது உங்க கசகசா?"

"சொறியுது" என்றேன்.

நாற்பத்திரண்டு வயதில், ஒரு மனிதர் சிரித்த முகத்தோடு எதிரே நிற்கும்போது எனக்குக் கிடைத்த சொல் அதுதான்!

மார்ச் 15, வெள்ளி

கூடையில் வைத்து டாக்டர் யசோதராவிடம் தூக்கிப்போனேன். ஆட்டோ முழுக்க ஒரே கத்தல். டாக்டர் பேன் சீப்பால் வாரிப் பார்த்தார், தெள்ளுப்பூச்சி இல்லை. தோலைச் சுரண்டிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார், சிரங்குப் பூச்சி இல்லை, படையும் இல்லை.

"ஊசி போட்டா அடங்கும். காரணம் தெரியலைன்னா திரும்ப வரும். வீட்டுல எதெல்லாம் அவ மேல படுதுன்னு பாருங்க."

ஊசி போட்டு வீட்டுக்கு வந்ததும் பினாயிலை நிறுத்தினேன். பிளாஸ்டிக் கிண்ணம் போய் எவர்சில்வர் வந்தது.

மார்ச் 30, சனி

திரும்ப வந்துவிட்டது. பிறாண்டாமல் இருக்கக் கழுத்தில் புனல் மாதிரி ஒன்று கட்டியிருக்கிறார்கள். அதோடு கதவில் முட்டி, சுவரில் முட்டி, கடைசியில் என் முகத்தில் முட்டினாள். சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

இன்று முதல் மீன்பிடித் தடைக்காலம். திருமலை நேற்றே கடைசிப் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். "இனிமே ரெண்டு மாசம் நம்ம கை வெறுங்கை. வெறுங்கையோட வந்து இன்னா பண்றது?"

சும்மா வாங்களேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா? தலையை ஆட்டினேன். மடச்சி, மடச்சி!

ஏப்ரல் 21, ஞாயிறு

ஐஸ் பெட்டியில் இருந்த மீன் தீர்ந்தது. கசகசாவுக்குக் கோழி வேகவைத்துப் போட்டேன். முதலில் முறைத்தாள், பிறகு தட்டையும் நக்கினாள்.

மே 20, திங்கள்

முடி முளைத்திருக்கிறது! விரலால் தடவிப் பார்த்தேன், மெத்தென்று இருக்கிறது. புனலைக் கழற்றி எறிந்தேன். எவர்சில்வர் கிண்ணத்துக்கு முத்தம் கொடுத்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு அடுப்படியில் இரண்டு சுற்று ஆடினேன். கீழேயிருந்து அண்ணன், "மேல என்ன, தளம் போடுறாங்களா?" என்றார்.

பஸ்ஸில் போகும்போது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் திருமலையைப் பார்த்தேன். படகுக்கு நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். மூக்கிலும் பெயிண்ட்.

ஜூன் 18, செவ்வாய்

வந்தார்! பை நிறைய சங்கரா மீன். எனக்கு வறுவல், கசகசாவுக்கு வேகவைத்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டோம்.

ஜூன் 27, வியாழன்

மறுபடியும் சொறி. காதோரம் ரத்தம்.

அண்ணன் மேலே வந்து பார்த்தார். "நல்லா கவனிச்சியா? அந்தாளு வந்தாத்தான் இது சொறியுது. படகுலருந்து எதையோ ஒட்டிக்கிட்டு வர்றான். இனி இந்தப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லிரு. இல்லைன்னா பூனையை அனுப்பிரு."

சண்டை போட்டேன். அவர் போனபிறகு இந்த நோட்டையே திருப்பிப் பார்த்தேன். அய்யோ, அண்ணன் சொன்னது சரிதான். திருமலை வந்த நாளெல்லாம் சொறி. வராத இரண்டு மாதமும் முடி வளர்ந்திருக்கிறது. இப்ப நான் இன்னா பண்றது? இவளா, அவரா? இது என்ன கேள்வி!

ஜூன் 28, வெள்ளி

நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். தேதிகளை மட்டும் வாசித்தேன், மற்றதை விழுங்கிவிட்டேன்.

"தடைக்காலத்துல என்ன சாப்பிட்டா?"

"கோழி."

"இப்ப?"

"மீன்..." சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது.

டாக்டர் சிரித்தார். "பூனைக்கும் மீன் ஒத்துக்காம போகும். எட்டு வாரம் கோழி மட்டும் குடுங்க. மீன் வேகவச்ச தண்ணிகூட வேண்டாம்."

"மீன் கொண்டு வர்றவர்... வரலாமா?"

கேட்டேவிட்டேன்! டாக்டர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "வரணும். மீன் இல்லாம வரணும். அப்பத்தானே குத்தம் அவர் மேல இல்லைன்னு தெரியும்?"

கூடையைத் தூக்கிக்கொண்டு ராயபுரம் வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். கனமே தெரியவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

வாசலிலேயே திருமலையிடம் சொல்லிவிட்டேன். பையைக் கீழே வைத்தார்.

"மீன் ஆவாதா? பூனைக்கா? காசிமேட்டுல போயி சொன்னா என்னிய கடல்ல தள்ளிடுவானுங்க!" படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப நான் இன்னாத்துக்கு வர்றது?"

"டாக்டர் வரச் சொன்னாங்க."

"டாக்டரா?"

"நானும்."

ஜூலை 6, சனி

வந்தார். வெறுங்கையோடு. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டினார், பிரித்தார், கடைசியில் கசகசாவைத் தூக்கிக்கொண்டார்.

ஜூலை 20, சனி

வந்தார். இரண்டு மணி நேரம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

எட்டு வாரம் முடிந்தது. ஒரு கீறல் இல்லை! அவர் சட்டை முழுக்கப் பூனை முடி, அவள் முழுக்க டீசல் வாசனை. பளபளவென்று இருக்கிறாள்.

அவர் கீழே போய் அண்ணனிடம் என்னைப் பெண் கேட்டார். நான் படியில் உட்கார்ந்து கேட்டேன். மதம், சாதி என்று ஏதேதோ வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். அண்ணனோ, "நீ கடலுக்குப் போற ஆளு. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா இவ தாங்குவாளா?" என்றார்.

"காத்து பார்த்துதாங்க போவேன்" என்றார் திருமலை.

அண்ணன் டீ கொடுத்தார்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து கொட்டுகிறது. தெருவில் முழங்கால் தண்ணீர். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே வந்தார். "துறைமுகத்துல மூணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்திருக்காம். படகை எடுக்கலைல்ல?"

"கட்டிப் போட்டாச்சாம்."

ஜன்னலில் நின்று கொஞ்சநேரம் மழையைப் பார்த்தார். பிறகு என் போனை வாங்கி, தானே பேசினார்.

"மாப்ள, சாப்பிட்டீங்களா? குடை இருக்கா, இல்ல நான் எடுத்துட்டு வரட்டுமா?"