திரும்பி வரும் மாத்திரைகள்

என்னங்க,

உங்க ரூம்ல கூட இருக்கிற எலக்ட்ரீஷியன் தம்பி லீவுல வந்தவர், பார்சலைக் கொடுத்தார். பிரிச்சா, சோப்புக்கு அடியில பிரஷர் மாத்திரை!

எனக்கும் பிரஷர்னு போன்ல உளறினது என் தப்பு. இங்கே தெருமுனை கிளினிக்லயே மாத்திரை சும்மா கொடுக்கிறாங்க.

"அண்ணன் தினமும் தன் மாத்திரையைப் போடாம உங்களுக்குன்னு எடுத்து வைப்பார் அண்ணி"ன்னு தம்பி பெருமையா சொல்றார். படியேறினா உங்களுக்கு மூச்சு வாங்குதாம், அதையும் சிரிச்சுக்கிட்டே சொல்றார். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. சிகரெட்டை மட்டும் எனக்காக மிச்சம் பிடிக்கலையே!

அத்தனையையும் அவர்கிட்டயே கொடுத்தனுப்புறேன். முதல்ல ஒண்ணைப் போடுங்க, அப்புறம் கோபப்படுங்க.

திட்டுறதுக்கு எனக்கு உங்களை விட்டா யார் இருக்கா?

பிரஷர் ஏறிப்போய்,
உங்க பொண்டாட்டி