மழையில் பிடுங்கிய கேரட்

ஜனவரி 11, ஞாயிறு

மகளுக்குப் பிரசவம் என்று ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டு இன்று சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாளாக விடாத மழை. மாடியில் பையில் வளர்த்த கேரட் அழுகியிருக்கும் என்று பயந்துகொண்டே படியேறினேன். மெதுவாக விளைகிற ரகம். செப்டம்பரில் விதைத்தது. மகள் பிள்ளையோடு வந்து தங்கும்போது ஆகும் என்று பிடுங்காமல் விட்டிருந்தேன்.

பைகள் எல்லாம் காலி. திருட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அப்போது கீழ் வீட்டு செல்வி மேலே வந்தாள். என் செடித் தண்ணீர் அவள் சுவரில் இறங்குகிறது என்று சண்டை போட்டு, தீபாவளியிலிருந்து என்னோடு பேசாதவள்.

"நான்தான்க்கா பிடுங்கினேன். மழை நிக்கிற மாதிரி தெரியல. கீழ வந்து பாருங்க."

அவள் கூடத்தில் ஒரு டிரம். ஈர மணலில் கேரட்டை வரிசையாகப் புதைத்திருந்தாள். தழையைக்கூடக் கிள்ளியிருந்தாள்.

"மணல்ல வெச்சா ரொம்ப நாள் தாங்கும்னு போன்ல யார்கிட்டயோ சொன்னீங்களே. நீங்க பேசுறது கீழ வரைக்கும் கேக்கும்க்கா."

டிரம்முக்குப் பின்னால் சுவர் முழுக்க ஈரம் படர்ந்திருந்தது.

"நாளைக்கே கொத்தனாரைக் கூப்பிடுறேன் செல்வி."

"அத அப்புறம் பாக்கலாம். ஆஸ்பத்திரியில என்னத்த சாப்ட்டிருப்பீங்க, உக்காருங்க."

சுடச்சுட தோசை ஊற்றிப் போட்டாள். போதும் என்றாலும் விடவில்லை. இப்போது கண் சொருகுகிறது, ஆனால் மனசு அவள் அடுப்படியிலேயே இருக்கிறது.