எட்டு மூன்று, ஓர் ஒன்று

ஜூன் 4
கணிதப் புதிர் நூல், 58ஆம் பக்கம். ‘31, 331, 3331 என்று முன்னால் ஒவ்வொரு மூன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள்; எல்லாமே பகா எண்கள், ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாது’ என்கிறார் பேராசிரியர். கடைசி உதாரணம் 333333331. அச்சகத்தில் பிழை திருத்துகிற எனக்கு எழுத்தைப் பார்க்கத்தான் சம்பளம். மூன்றுகளை எண்ணிய கை சும்மா இருக்குமா? வகுத்தேன். ஏழு — மீதி இரண்டு. பதினொன்று — மீதி ஒன்று. பதின்மூன்று — மீதி ஆறு. பதினேழு — மீதியே இல்லை!

ஜூன் 5
மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். 17 × 19607843. சிவப்பு மையில் ஓரத்தில் எழுதி அனுப்பினேன்.

ஜூன் 7
பேராசிரியரே வந்துவிட்டார். “எழுத்துப் பிழையைப் பாருங்கம்மா, கணக்கை நான் பாத்துக்கறேன். நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?”

பத்தாவதுதான். “அது பதினேழுக்குத் தெரியாதே சார்” என்றேன். மேலாளருக்கு முகம் வெளிறிவிட்டது.

33333331 வரை ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து சோதித்தாராம். அடுத்ததை? கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். எட்டு மூன்று ஏறியது. ஒன்றுக்கு இடமில்லை. ஆக, நம்பிக்கையில் எழுதியிருக்கிறார். கால்குலேட்டரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜூன் 12
அடித்துத் திருத்தி அனுப்பியிருக்கிறார்: ‘அந்த ஒன்று மட்டும் விதிவிலக்கு. அடுத்த எண் 3333333331 பகா எண்ணே.’ இதையும் சோதித்திருக்க மாட்டார்.

என் கையெழுத்து இல்லாமல் எந்தப் பக்கமும் அச்சுக்குப் போகாது. “போட்டுருங்கம்மா. உங்க வேலைய நிரந்தரமாக்குற பேச்சு இந்த மாசம்தான் நடக்குது” என்றார் மேலாளர். வகுத்துப் பார்க்காமல் போட மாட்டேன் என்றேன். அதுவரை சோப்பு உறை அச்சடிக்கிற பிரிவில் உட்காரச் சொல்லிவிட்டார். பயமாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்.

ஜூன் 13
போடவில்லை.

ஜூன் 19
முந்நூறைத் தாண்டிவிட்டேன். ஒன்றும் வகுக்கவில்லை. அவர் சொன்னதே சரி என்றால்? சரியென்று தெரிந்தால் போடுவேன். தெரியாமல் எதுக்குப் போடணும்?

“ஒரு நம்பருக்காக வேலைய விடப்போறியா?” என்று ஒரு வாரமாகக் கத்திய கணவர், இன்று ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். “எதுவரைக்கும் வந்திருக்கே? பாதியக் குடு.”

ஜூன் 26
அறுநூற்று எழுபத்து மூன்று. மீதி இல்லை. 673 × 4952947. கணவர் தாளில் இல்லை, என் தாளில். கத்தியே விட்டேன். இதையும் சிவப்பு மையில் எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பினேன்.

ஜூலை 2
நிரந்தரப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். என் பெயர் இல்லை. மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

மாலை 58ஆம் பக்கம் என் மேசைக்கு வந்தது. உதாரணங்கள் 33333331இல் நிற்கின்றன. கீழே பேராசிரியர் கையால்: ‘அடுத்த எண்ணில் இந்த விதி உடைகிறது. ஏன் என்று வகுத்துப் பாருங்கள்.’ கூடவே கோடை விடுமுறை நோட்டையும் அனுப்பியிருந்தார், நான் கேட்காமலேயே. வகுத்த கணக்கு மொத்தமும் அதில் இருந்தது. பக்கம் பக்கமாகப் பார்த்தேன்.

பிறகு கையெழுத்துப் போட்டேன். கொஞ்சம் பெரிதாகவே.