கருமாதி வரை இருந்தவள்

ஆனைமலை,
9-6-1963

பத்ராவதியில் இருக்கும் அம்மணி செல்லாத்தாளுக்கு, உன் நங்கையா, உன் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்ட நாச்சியம்மாள் எழுதிக்கொண்டது. நானும் சரசாவும் என் அண்ணன் திருமூர்த்தி வீட்டில் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் கை கூசுகிறது. அங்கே உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நன்றாக இருக்க மாசாணியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் பக்கம் மழை பிடித்துவிட்டதா? இங்கே வெறும் காற்றுதான். அண்ணன் கடலைக்காட்டை உழுது போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சரசாவுக்கு ஒன்பது வயது முடிகிறது. நல்ல கால் மளமளவென்று வளர்கிறது, வாதம் வந்த கால் கூடவே வளர மாட்டேன் என்கிறது. கோயமுத்தூரில் செய்து போட்ட இரும்புப் பட்டை இப்போது பற்றாமல் கடித்துப் புண்ணாக்கிவிட்டது. கழற்றி வைத்தால் நடக்க முடியாது, போட்டால் அழுகிறாள். வேறு செய்ய வேண்டும்.

அதற்குத்தான் ஜீவனாம்சத்தைக் கூட்டித் தரச் சொல்லி மாசியில் மனுப் போட்டேன். மாதம் நாற்பது ரூபாய் என்று கோர்ட்டில் எழுதியபோது அவள் என் இடுப்பில் இருந்த பிள்ளை. அரிசி விலை எங்கேயோ போய்விட்டது, பிள்ளையும் வளர்ந்துவிட்டாள், அந்த நாற்பது மட்டும் அசையவில்லை.

உங்கள் அண்ணன் பதில் மனுப் போட்டிருக்கிறார். கூட்டித் தர முடியாது, பழைய உத்தரவையும் ரத்து செய்யுங்கள் என்கிறார். காரணத்தைக் கேள். தை மாதம் நானாகத் திரும்பிப் போய் அவரோடு குடும்பம் நடத்தினேனாம், பிறகு நானாகவே கோபித்துக்கொண்டு வந்துவிட்டேனாம். வக்கீல் வரதராஜுலு படித்துச் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் சிரிக்கவில்லை. அங்கே போய் இருந்தது உண்மையா என்று கேட்டார். எளவுக்குப் போனேனுங்க, கருமாதி வரைக்கும் இருந்தேனுங்க என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். சேர்ந்து வாழ்ந்ததாக ஆகிவிட்டால் பழைய உத்தரவே நிற்காது என்றார்.

நடந்தது உனக்குத் தெரியாததா? உன்னைப் பெற்றவர், என் அத்தை, கண்ணை மூடிய சேதி வந்ததும், கூப்புடாத எடத்துக்கு எதுக்குப் போறே என்று அண்ணன் தடுத்தார். நான் கேட்கவில்லை. பிள்ளைக்கு வாதம் வந்த நாளில் தோளை விட்டு இறக்காமல் சுமந்த மனுஷி. இருக்கிற ஒரே மருமகள் கடைசியாகத் தலைக்கு எண்ணெய் அரப்பு வைக்காமல் அவரை அனுப்புவதா? வைத்தேன். அன்றைக்கே திரும்பி வந்திருக்க வேண்டும். அத்தை படுத்திருந்த இடத்தில், வீட்டு முன்கூடமான ஆசாரத்தில், விளக்கு வைத்தார்கள். கருமாதி வரை அது அணையக் கூடாது, மருமகள் கையால்தான் எண்ணெய் விட வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். நங்கையா, நீங்களும் போயிட்டா இந்த வெளக்க யாருங்க பாப்பாங்க என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள் நீதான்.

கருமாதியன்று என் அண்ணன் கடன் வாங்கி, வேட்டியும் உருமாலும் எடுத்துவந்து உங்கள் அண்ணன் தலையில் கட்டினார். மச்சான் முறை, செய்யாமல் விட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று பயம். அதையும் மனுவில் ஏற்றிவிட்டார்கள். சமாதானம் ஆகாமலா மச்சான் வந்து உருமால் கட்டினார் என்று கேட்கிறார்கள். இதைக் கேட்ட நாள் முதல் அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை.

இனி உன் விஷயம். அவர் பக்கத்துச் சாட்சியாக உன் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை என்று பொய் எழுத மாட்டேன். நாச்சியம்மாள் கருமாதி வரைக்கும் அந்த வீட்டில் இருந்தாளா என்று உன்னைக் கேட்பார்கள். இருந்தாங்க என்பாய். அது பொய்யே இல்லை. ஆனால் அதோடு நீ வாயை மூடிக்கொண்டால் நானும் சரசாவும் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

நம் வக்கீல் குறுக்கே கேட்பார். அப்போது தலையைக் குனிந்துகொண்டு ஞாபகம் இல்லீங்க என்று சொல்லிவிடாதே அம்மணி. விளக்குக்குப் பக்கத்தில் ஒரே பாயில் நீ, நான், நடுவில் சரசா என்று படுத்ததைச் சொல். பொழுது சாய்ந்தால் உங்கள் அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிணத்துக்கடவில் வைத்திருக்கிறவளிடம் போனதைச் சொல். அம்மா வெளக்கு எரியறப்பக்கூட ஊட்டுல இருக்க மாட்டீங்களா என்று அவரை வழிமறித்துக் கேட்டவளும் நீதானே.

உன் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. அத்தையும் போன பிறகு பிறந்த வீடு என்று உனக்கு இருப்பது அவர் ஒருவர்தான். உன் மகளுக்கு நாளைக்கு மாமன் சீர் அவர்தான் கொண்டுவர வேண்டும். நீ உள்ளதைச் சொன்னால் அந்த வாசல் உனக்கு அடைபட்டுவிடும். தெரிந்துகொண்டே கேட்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. வெட்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளையின் கால் புண் ஆறாது.

இங்கே எல்லோரும், நியாயம் கெட்டுப்போனால் மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசு, கெடுத்தவர்களுக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும் என்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை மிளகாய் வாங்கிக்கொண்டு போனேன். உங்கள் அண்ணனை நினைத்து நன்றாகவே அரைத்திருப்பேன். ஆனால் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோது உன் முகம்தான் வந்தது. கூண்டில் ஏறி நிற்கப் போகிறவள் நீ. கை வரவில்லை, வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

வாய்தா ஆனி இருபதாம் தேதி, பொள்ளாச்சியில். உன் மகள் இரண்டு காலும் உரமாக ஊன்றி நூறு வருஷம் நடக்கட்டும், இதை மனதாரச் சொல்கிறேன். கூண்டைவிட்டு இறங்கியதும் நேராக இங்கே வந்துவிடு, அன்றைக்கு உனக்கு உங்கள் அண்ணன் வீட்டில் யாரும் சோறு போட மாட்டார்கள். மிளகாய் டப்பாவில் அப்படியே இருக்கிறது. உனக்குப் பிடித்த மாதிரி அம்மியில் அரைத்துக் குழம்பு வைக்கிறேன். அதை வேறு எதற்கும் அரைக்க வைத்துவிடாதே, கண்ணு.

இப்படிக்கு,
உன் நங்கையா
நாச்சியம்மாள்